கொல்லயிலிலிருந்து குவைத்துக்கு ரயில்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் அடுத்த மழைக்கு நெய்யாற்றில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவேண்டாம். நடந்தது நடந்தபடி.

கொல்லயில் ஊர்ப் பாலையன் தகரப் பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பெருவிரல் நகம்தான் பெயர்ந்தது. அந்தக் கோபமும் பெட்டிமேல் போகாமல் வேலிக்கு அப்புறமிருந்த கருணாகரன்மேல்தான் போயிற்று.

மகன் ஈசாக்குக்குக் குவைத்தில் ஆண்குழந்தை பிறந்திருந்தது. பேரனைப் பார்க்கவேண்டும். விமானம் என்றால் மனைவி நேசத்துக்குத் தலை சுற்றும், கப்பல் என்றால் பாலையனுக்குக் குடல் புரளும். ஆகவே ரயில் என்று முடிவாயிற்று.

வழியைப் பாலையனே கண்டுபிடித்தார். திருவனந்தபுரத்தில் ஏறி மதராஸ், தில்லி, அமிர்தசரஸ், லாகூர், குவெட்டா, ஜாகிதான். அங்கே கொஞ்சம் தண்டவாளம் இல்லை, பஸ் பிடிக்கவேண்டும். பிறகு ஈரான் முழுக்க ரயில். கோரம்ஷாரில் இறங்கினால் குவைத் கூப்பிடு தூரம். இதைச் சாயங்காலம்தோறும் வேலியோரம் நின்று உரக்கச் சொல்லுவார். கருணாகரன் காதில் விழுந்து வயிறெரிய வேண்டும் என்பது எண்ணம்.

கருணாகரனுக்கு எரிந்ததாகத் தெரியவில்லை. "போயிட்டு வாரும் பாலையா," என்றார் சாவகாசமாக. "குடிசைய நான் பாத்துக்கிடுதேன்."

அதில்தான் பெட்டி உதை வாங்கியது.

ஏனென்றால் பாலையனின் குடிசை நின்ற பத்து சென்ட் கருணாகரனுக்குச் சொந்தம். புதுச் சட்டம் வந்து, அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் கிடப்பவனுக்குக் குடிகிடப்பு உரிமை உண்டு, இறக்கிவிட முடியாது என்று ஆகியிருந்தது. விசாரணைக்கு அதிகாரி எந்த நாளும் வரலாம். வருகிற நேரம் குடிசையில் ஆள் இல்லையென்றால் பத்து சென்ட்டும் போச்சு.

"எட்டி, நீ இஞ்ச கெட. நான் மட்டும் போயிட்டு வாறேன்," என்றார் பாலையன்.

நேசம் அகப்பையை எறிந்தாள். "எனக்க பேரன நான் பாக்காம நீரு ரயில் ஏறிருவீரா? தண்டவாளத்தில குறுக்க படுத்துக்கிடுவேன், ஆமா."

சரி, பெருங்கடவிளையிலிருந்து அவள் தம்பி பொன்னையனைக் காவலுக்கு வரச்சொன்னார்கள். அவன் மறுநாளே வந்தான். பெண்டாட்டி, பிள்ளைகள், கட்டில், ஆடு எல்லாம் வந்தன. வந்த கையோடு முற்றத்தில் மரச்சீனிக் கிழங்குக் கம்பு நட்டான். நட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"அத்தான், நான் இஞ்ச கெடந்தா இது எனக்க குடிகிடப்பு ஆகிப்போகுமோ?"

பாலையனுக்கு அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. இறங்கிப் போடா என்றார். போகமாட்டேன், வேண்டுமானால் எங்களையும் குவைத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றான் பொன்னையன். வேறு வழியில்லாமல் அவர்களும் பயணத்தில் சேர்ந்தார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே, லாகூர் வரைக்கும் மேல் பெர்த் யாருக்கு என்று இரண்டு பெண்களுக்கும் பேச்சு முறிந்தது. ஆட்டுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்ட எதிர்வீட்டுக்காரனோடு பாலையனுக்குக் கைகலப்பு. மரச்சீனி இடுப்பளவு வளர்வதற்குள் ஊரில் அவரோடு பேசுகிறவர் ஒருவரும் மிஞ்சவில்லை.

கருணாகரனும் இப்போதெல்லாம் வேலிப்பக்கம் தலைகாட்டுவதில்லை. நாம் கிளம்புவதற்காகப் பதுங்கிக் கிடக்கிறான் என்று பாலையன் பல்லைக் கடித்தார். எல்லோரும் போய்விட்டால் குடிசை காலி. புகுந்துவிட்டால்?

யோசித்தார். ஏணி வைத்து ஏறினார். கூரை ஓலையை ஒன்று விடாமல் பிரித்துக் கட்டாகக் கட்டி, பயணச் சாமான்களோடு அடுக்கினார்.

"கூரை நம்மகூட ரயில்ல வருது. இனி அவன் எங்கிட்டுப் புகுவான்?"

அந்த வழியாகப் போன வில்லேஜ் ஆபீஸ் பியூன் வேலாயுதன் நின்று பார்த்தான். "கூரை இல்லேன்னா அது குடிசை இல்ல ஓய். வெறும் நாலு செவரு. செவருக்கு எங்க உண்டு உரிமை?"

மீண்டும் வேய்ந்துவிடலாம் என்று கட்டை அவிழ்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எடவப்பாதி அடைமழை, இலேசில் விடாது. ஓலைக்கட்டு வாய்க்காலோடு போயிற்று. மண்சுவர் கரைய ஆரம்பித்தது. இரண்டு குடும்பமும் ஒரு கட்டிலடியில் நெருங்கி உட்கார்ந்து, மேல் பெர்த்துக்காகத் திரும்பவும் சண்டை பிடித்தன. நேசம் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரனும் இல்ல, கெடக்க பெரையும் இல்ல," என்றாள் மெதுவாக.

அது பாலையனுக்குப் பொறுக்கவில்லை. தகரப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார். கருணாகரன் வீட்டு வாசலில் நின்று, பரம்பரை பரம்பரையாகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் தொண்டை கிழியச் சொன்னார். எல்லாம் உன்னால் வந்தது, வெளியே வா என்றார். கதவு திறக்கவில்லை.

ஈசாக்கோடு குவைத்தில் வேலைபார்க்கும், லீவில் அன்றுதான் வந்திறங்கிய ராஜன், பாலையனைத் தேடி அந்தப் பக்கம் வந்தவன், குடையோடு நின்றான்.

"மாமா, ஆரக் கூப்பிடுதிய? கருணாகரன் சார் குடும்பத்தோட நீங்க வேலியில நின்னு சொன்ன வழியே ரயில் ஏறி குவைத்துக்கு வந்து மாசம் ஒண்ணாச்சு. ஈசாக்குக்க வீட்டு முறியிலயாக்கும் கெடக்காரு. இறங்கச் சொன்னா, குடிகிடப்புக்காரன இறக்கிவிட முடியாது, சட்டம் உண்டுங்காரு."