மாமா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்

இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக மாமா குளியலறைக் கதவைத் திறந்து, "தண்ணி நின்னுபோச்சு, மோட்டாரைப் போடு வாலு!" என்று கத்தியபோது, வாலுவின் கையிலிருந்த போன் இன்னும் சூடாறவில்லை.

அவள் போனைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"மாமா... நீ உள்ளயா இருந்த?"

"பின்ன? தெருவுல நின்னா குளிப்பாங்க?"

"இவ்ளோ நேரமும்?"

"சோப்பு கண்ணுல எரியுது. போய் மோட்டாரைப் போடுடி!"

"அப்போ இப்ப என்கிட்ட போன்ல பேசினது நீ இல்லையா?"

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்த ஒரு கண்ணிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வெளிநாட்டில் பாலம் கட்டுகிற படிப்புக்கு வாலுவுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் கண்ட கனவு அது. பனியனும் சட்டையும் தவிர வீட்டில் இருந்த எல்லாவற்றையும் இணைத்து விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. "எப்ப வேணா போன் பண்ணிக் கேள்வி கேப்பாங்களாம். உளறினா அவ்ளோதான், கதவைச் சாத்திடுவாங்களாம்" என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் தம்பியான மாமா உடனே பயிற்சியாளராகப் பதவியேற்றுக்கொண்டார். அவருக்கு வேலை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, எல்லார் குரலும் அவருக்கு வாயில் வரும். ஆபீஸில் கைக்குக் கிடைக்கிற எண்ணிலிருந்தெல்லாம் அவளைக் கூப்பிட்டு, விசா அதிகாரிபோல் கேள்வி கேட்பார். ஒருநாள் கண்டிப்பான பெண் அதிகாரி. ஒருநாள் ஜலதோஷம் பிடித்த அதிகாரி. முதலில் வாலு நடுங்கினாள். அப்புறம் குரலைக் கேட்டதுமே பிடித்துவிடுவாள். பிடித்துவிட்டால் கலாய்ப்பாள். அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஒரே ஒரு தடவை அப்பாவையும் அதில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார் மாமா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா, பவர் பார்ப்பதுபோல் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்த நாடகமெல்லாம் வராதுப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று மதியம் தெரியாத எண். வாயில் துணியை அடைத்துக்கொண்டு எதையோ வாசிப்பதுபோல் ஒரு குரல். 'புதுசா ஒண்ணு கத்துக்கிட்டு வந்துட்டாரு' என்று வாலுவுக்கு ஒரே குஷி. மாமாவுக்கு இன்று விடுமுறை, குளிக்கப் போயிருக்கிறார் என்பது அந்தக் குஷியில் மறந்தே போயிற்று.

"உள்ளூர் ஆளுங்களை வெச்சுத்தான் பேசவிடுவாங்க. அதான் தமிழ்ல பேசியிருக்காங்க" என்றார் மாமா. ஈரத்தோடு அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பதறாத. முதல்ல என்ன கேட்டாங்க?"

"எதற்காக எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள்னு."

"பாலம் கட்டப் படிக்கன்னு சொன்னியா?"

"உன் மூஞ்சியைப் பார்க்காம இருக்கறதுக்குன்னு சொன்னேன்."

"சரி. பரவால்ல. அப்புறம்?"

"செலவுக்கு என்ன செய்வீர்கள்னு கேட்டாங்க."

"ம்."

"உங்க பேங்க்லயே கன்னம் வெச்சுத் திருடுவேன்னு சொன்னேன்."

மாமாவின் நெற்றியில் நுரை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அவ்ளோதானே?"

"படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களான்னு..."

"அதான்டி முக்கியமான கேள்வி! அதுக்காவது ஒழுங்கா..."

"திரும்பி வர நான் என்ன லூசா, ஏரோப்ளேன் ஏறினதுமே இந்த வீட்டு அட்ரஸை மறந்துடுவேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் நன்றின்னு வெச்சுட்டாங்க."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அம்மா, எல்லாவற்றையும் கேட்டபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "குடியைக் கெடுத்தியேடா பாவி" என்றாள் தம்பியைப் பார்த்து.

"நானா? நான் பாட்டுக்குக் குளிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா!"

"உங்கப்பா காதுக்கு மட்டும் போச்சு, தொலைச்சுக் கட்டிடுவாரு. அவருக்குத் தெரியறதுக்குள்ள எதையாவது பண்ணுங்க."

மாமா அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மாமாவின் முகம் வெளிறியது. போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன மாமா? என்ன சொன்னாங்க?"

"பேசல. கர்ர்ர்ருன்னு ஒரு மெஷின் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கட்டாயிடுச்சு."

"என்ன மெஷின்?"

"பெரிய ஆபீஸ்ல எல்லாம் காகிதத்தைத் துண்டு துண்டாக் கிழிக்கறதுக்கு ஒரு மெஷின் வெச்சிருப்பாங்க, வாலு." மாமா துண்டை இறுக்கிக்கொண்டார். "உன்னுதைத்தான் கிழிக்கறாங்கன்னு நான் சொல்லல..."

வாலு ஓவென்று அழுதாள். அடுத்த தடவை கூப்பிட்டபோது அந்தப் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிழித்து முடித்துவிட்டார்கள் போலும்.

"அழாதடி." அம்மா கரண்டியால் காற்றை வெட்டினாள். "போன்ல என் குரலும் இவ குரலும் ஒண்ணாத்தானே இருக்கு? என் அண்ணியே எத்தனை தடவை ஏமாந்திருக்காங்க. அப்படிப் பேசினது நான்தான்னு விசா ஆபீஸுக்கு மெயில் அனுப்பு. என்னைப் பைத்தியம்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நானா அங்க போய்ப் படிக்கப் போறேன்?"

மாமா உடனே தட்டினார். 'மதியம் தொலைபேசியில் பேசியவர் விண்ணப்பதாரர் அல்ல, அவருடைய தாயார்.' அனுப்பியாயிற்று. மூவரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

"மாமா, செலவுக்கு நாங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்தோமே, அதுல அப்பா மட்டுமா கையெழுத்துப் போட்டாரு?"

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "ரெண்டு பேரும்தான் போட்டோம்."

பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட அம்மா, வங்கியில் கன்னம் வைத்துத்தான் பீஸ் கட்டப் போகிறாள் என்று இப்போது எழுத்திலேயே கொடுத்தாயிற்று.

"ஒரு நிமிஷம்." மாமா நெற்றியைத் தட்டினார். "அக்காவுக்கு இன்னைக்குக் கடவாய்ப் பல் பிடுங்கினாங்க. மரத்துப் போற ஊசி போட்டாங்க. அந்த மயக்கத்துல உளறிட்டாங்க. எப்படி?"

"சும்மா சொன்னா நம்புவாங்களா?" என்றாள் வாலு விசும்பலோடு.

"போட்டோ வைப்போம்."

அம்மாவின் வலது கன்னத்துக்குள் பஞ்சை உருட்டித் திணித்தார்கள். கன்னம் நன்றாகவே வீங்கியது. ஆனால் போன் கேமராவை நீட்டியதும் அம்மா கையை உயர்த்தினாள். "இம்ம்... இம்ம்ம்" என்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனவள், தலை வாரி, பவுடர் போட்டு, கம்மல் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, பல் பிடுங்கின மூஞ்சியா இது? கல்யாணத்துக்குக் கிளம்பற மாதிரி இருக்க!"

"இம்மா ம்மூர் ம்மாம்ப்பாங்க."

"என்ன?"

"வெளிநாட்டுக்காரங்க பார்ப்பாங்களாம்" என்று வாலு மொழிபெயர்த்தாள்.

இரண்டாவது மெயில் படத்தோடு போயிற்று. கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் கூடுதல் ஆவணம் பெறப்பட்டது. அது விண்ணப்பத்துடன் சேர்த்துப் பரிசீலிக்கப்படும்.'

"பரிசீலிப்பாங்களாம்" என்றாள் வாலு. "எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்தப் பல்லுன்னு எல்லாம் கேட்டா? மாமா, பொய் ஆவணம் கொடுத்தா ஆயுசுக்கும் விசா கிடையாதாம் மாமா!"

மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூன்றாவது மெயிலை அனுப்பினார். 'எங்கள் மெயிலை யாரோ திருடிவிட்டார்கள். முதல் இரண்டு மெயில்களும் எங்களுடையவை அல்ல.'

அனுப்பிய திருப்தியில் அவர் நிமிர்ந்தபோது வாலு சன்னமான குரலில் கேட்டாள். "திருட்டுப்போச்சுன்னு சொல்ற மெயிலும் அதே ஐடியிலேர்ந்துதானே போயிருக்கு?"

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா.

வழக்கமாகக் கடை சாத்திவிட்டு இருட்டியபின் வருகிறவர், வெயில் இறங்கும் முன்பே வந்து நின்றார். மாமா போனைத் தலையணைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அப்பா யாரையும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்து, அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது போன் வந்துச்சாம்மா?" என்று வாலுவிடம் கேட்டார்.

"இல்லப்பா. எதுவும் வரல."

"ஓ" என்றார் அப்பா. "சரி, சரி."

"ம்மாப்பிமறீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா அந்த வீங்கிய கன்னத்தைக்கூட ஏன் என்று கேட்கவில்லை. "பசியில்ல. தலை வலிக்குது" என்று மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"தப்பிச்சோம்" என்றார் மாமா.

வாலுவுக்குத் தப்பித்ததுபோல் இல்லை. அப்பாவிடம் இதுவரை பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு சுலபமாக நம்பி அவர் போனது இதுதான் முதல் தடவை.

"போதும் மாமா. என்னால முடியல. விசா ஆபீஸுக்கு நானே பேசி உண்மையைச் சொல்லிடறேன். வர்றது வரட்டும்."

உதவி எண்ணில் மனிதக் குரலைப் பிடிப்பது எப்படி என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் மாமாதான். எந்தப் பொத்தானையும் அமுக்காமல் ஊமைபோல் இருந்தால் கடைசியில் ஆளே எடுப்பார்கள் என்றார். பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு மறுபடி ஓடியது. எடுத்தது ஒரு பெண்மணி. பழக்கதோஷத்தில் மாமா, "வணக்கம், உங்க மெஷின்ல என்ன பிரச்சனை மேடம்?" என்றார். வாலு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சொன்னாள். பிறகு மடை திறந்ததுபோல் கொட்டினாள். மதியம் பேசினது நான்தான் மேடம், எங்க மாமான்னு நெனச்சு உளறிட்டேன், பேங்க் எல்லாம் சும்மா, எங்கம்மா ரொம்ப நல்லவங்க, அவங்க பல்லு முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு, மெயிலை யாரும் திருடல, என் படிப்பைக் கெடுத்துடாதீங்க மேடம்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். பிறகு சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. நாங்க உங்களுக்குப் போனே பண்ணலையே?"

"மேடம்?"

"உங்க விசா நேத்தே முடிவாகி ஒட்டியாச்சு. பாஸ்போர்ட் கூரியர்ல வந்துக்கிட்டிருக்கு. முடிஞ்ச பைலுக்கு எதுக்குப் போன் பண்ணப் போறோம்? பதில் தானாப் போயிருக்கும், நீங்க அனுப்பின மெயில் மூணும் யாரும் திறக்காமத்தான் கிடக்குது. நான்தான் இப்ப பார்க்கறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அம்மா கம்மல் அழகா இருக்கு."

அடுத்த சில நிமிடங்கள் அந்த வீட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்வது கடினம். அம்மா பஞ்சை விழுங்கப் பார்த்து இருமினாள். மாமா ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆடினார். தலையில் சோப்பு காய்ந்து, முடி முள்ளம்பன்றிபோல் நின்றது.

முதலில் ஆட்டத்தை நிறுத்தியது வாலுதான்.

"அப்போ அது யாரு மாமா?"

"யாரோ மோசடிக்காரனா இருக்கும். பேங்க் விவரம் எதையாவது சொன்னியா?"

"கன்னம் வைப்பேன்னுதான் சொன்னேன்."

"பயந்து ஓடியிருப்பான்!" என்று மாமா கெக்கெக்கே என்று சிரித்தார்.

கதவு தட்டப்பட்டது. அப்பாவின் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் லென்ஸ் தேய்க்கிற மாஸ்டர் நின்றார். சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். கையில் கடைச் சாவி.

"முதலாளி பாதியிலேயே கிளம்பிட்டாரும்மா, என்னைச் சாத்திட்டு வரச் சொல்லிட்டு. ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கலாம்னா என் போன்ல சார்ஜ் சுத்தமா இல்ல. மதியம் மெஷின் ஓட்டிக்கிட்டே எடுத்தேன், யாருன்னு கேக்கறதுக்குள்ள உயிரை விட்டுடுச்சு." சாவியை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு வாலுவைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார். "பாப்பா, முதலாளி எப்படிப் பேசினாரு? ஆபீசர் மாதிரியே இருந்துச்சா?"

வாலுவின் கை கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"காலையிலேர்ந்து என்னைத்தான் உன் இடத்துல உட்கார வெச்சு ஒத்திகை பார்த்தாரு. எனக்கு நாடகம் வராது மாஸ்டர், நீங்கதான் சொல்லித் தரணும்னாரு. என் போனை வாங்கி, வாய்ல கர்ச்சீப்பை வெச்சுக்கிட்டு, ஒரே கூத்து போ! மத்த கேள்வியெல்லாம் சும்மா மாஸ்டர், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நேர்ல கேட்டா எனக்கு அழுகை வந்துடும், இப்படின்னா ஆபீசர் கேட்ட மாதிரி போயிடும்னாரு."

மாடியில் விளக்கு எரியவில்லை.

மாஸ்டர் செருப்பை மாட்டியபடியே திரும்பினார். "ஆமா, திரும்பி வருவியான்னு கேட்டதுக்கு நீ என்ன பாப்பா சொன்ன?"