மாமனாரிடம் காதலைச் சொன்ன கதை

நிறையப் படித்தவனோடு காலம் தள்ளலாம். ஒரே விஷயத்தைப் பாதி படித்தவனிடம்தான் அகப்படக் கூடாது. நான் இந்த இரண்டாம் ரகம்.

அப்போது டொரொன்டோவில் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்கு மாரடித்துக்கொண்டிருந்தேன். பார்வையைப் பற்றிய நவீன பிரெஞ்சுச் சிந்தனைதான் தலைப்பு. கண்தான் அறிவின் வாசல் என்று உலகமே நம்ப, போன நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பலருக்குக் கண்மீதே சந்தேகம். ஒருவரை உற்றுப் பார்த்தால் அவரை வெறும் பொருளாக்கிவிடுகிறோம் என்றார் ஒருவர். பார்ப்பதே அதிகாரம் என்றார் இன்னொருவர். (இவர்களில் எவராவது பெண் பார்க்கப் போனாரா என்று நூலகத்தில் தேடினேன். தகவல் இல்லை.)

அந்த நேரம் பார்த்து அம்மா, பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஆரணி என்ற பெண்ணை எனக்குப் பேசினார். இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தோம். படம் அனுப்பவா என்று கேட்டாள். கொள்கைக்காக வேண்டாம் என்றேன். ஆனால் அவளுடைய சிரிப்பிலேயே விழுந்துவிட்டேன். இவள் இல்லையென்றால் செத்தேன் என்ற நிலைமை.

"அங்கை உன்ர புத்தகக் கதையை எடுக்காதை. பிள்ளையை வடிவாப் பார்," என்றார் அம்மா, பெண் பார்க்கப் போகும் வழியில் காரில்.

"பாக்க மாட்டன் அம்மா. அது வன்முறை."

"அப்ப எதைப் பாக்கப் போறாய்?"

"நிலத்தை."

சொன்ன சொல் தவறவில்லை. ஜனவரிக் குளிர், சப்பாத்தை வாசலில் கழற்றிய எல்லோர் காலிலும் சொக்ஸ். நான் கண்டது அவற்றை மட்டும்தான். ரோசாப்பூப் போட்ட சொக்ஸ் ஒன்று ரோல்ஸ் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தது. ஆரணிதான், வேறு யார்? அம்மாமார் இருவரும் வீடு சுற்றிப் பார்க்க எழும்பிப் போனார்கள். எங்களைத் தனியே விட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். (என் புரிதலை நெருப்பில் போட.)

கம்பளத்தைப் பார்த்தபடி தொடங்கினேன்.

"நான் உங்களைப் பாக்கேல்லை எண்டு குறை நினையாதேங்கோ. பாத்தா உங்களைப் பொருளாக்கிப் போடுவன். பாக்காமலே எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வாழ்நாள் முழுக்க உங்களோட இருக்க விருப்பம்."

சொக்ஸ் மெல்லப் பின்வாங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தம்பி, நான் அவவின்ர அப்பா. குளிருக்கு, ட்ரையருக்குள்ள கிடந்த அவவின்ர சொக்ஸ் கையில பட்டுது, எடுத்துப் போட்டனான்."

சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பைகள் கிடுகிடுத்தன. பிறகு அதே சிரிப்பு.

"ஓ மை கோட்! அப்பாவுக்கு ப்ரப்போஸ் பண்ணிட்டார்! ஐயோ, ப்ளீஸ், ஒருக்கா நிமிந்து பாருங்கோ. நான் பொருளாக மாட்டன், ப்ரொமிஸ்."

நிமிர்ந்தேன். சிரித்துச் சிரித்து நீர் வழிந்த இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பொருளாகிப் போனது நான்தான். பிரெஞ்சுக்காரர் சொன்னது அவ்வளவும் உண்மை. ஆனால் அது இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அந்தக் கோடையிலேயே கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மாமாவுக்கு ஒரு சோடி பூப்போட்ட சொக்ஸ் வாங்கிக் கொடுக்கிறேன். வீடு நிறைய ஆட்கள் கூடும் நாட்களில் அவர் அதைப் போட்டுக்கொண்டு, என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பிப்பார்:

"தம்பி, முதல்ல கேட்டது என்னைத்தான். நான் இன்னும் ஓம் சொல்லேல்லை, ஞாபகமிருக்கட்டும்."