சுவரில் இரண்டு முகம்

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர், அவர் மனைவி, மாப்பிள்ளை ஆகிய மூவர் மட்டுமே. சுவரில் படமாக இருந்த உறுப்பினரின் தகப்பனாரையும் சேர்த்தால் நால்வர். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

"இந்தத் தடவை தோத்துடுவேன்னு கட்சி ஆபீஸ்லயே பேசிக்கிறாங்க" என்றார் உறுப்பினர்.

ஐந்து முறை வென்றவர். அந்த வீட்டு வாசலில் மனுவோடு ஆள் நிற்காத காலை இருந்ததில்லை. தோற்றால் மறுநாள் அங்கே பால்காரர் மட்டும்தான் நிற்பார்.

"கண்ணுலயே பட மாட்டேங்கறீங்கன்னுதான் மாமா புகார்" என்றார் மாப்பிள்ளை. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. மாமனாருக்காக லீவு போட்டிருந்தார். "வீடு வீடா நடந்து போவோம். என் பொறுப்பு."

"உங்க பொறுப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க" என்றார் மாமியார்.

மேடும் பள்ளமுமாக இருந்த ஒரு தெருவில் நடையைத் தொடங்கினார்கள். முதல் வீட்டில் தையல்காரம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மீட்டர் பாக்க வந்தீங்களா? பின்பக்கம் இருக்கு."

தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. உறுப்பினர் நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளைதான் எதிர்ச்சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினார்.

தையல்காரம்மா போஸ்டரைப் பார்த்தார், உறுப்பினரைப் பார்த்தார்.

"உங்க பையனா? லட்சணமாத்தான் இருக்காரு. வேலைதான் ஒண்ணும் செய்யல."

போஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் தேர்தலுக்கு எடுத்த படம் அது. கரிய மீசை, அடர்ந்த முடி. ஐந்து தேர்தலுக்கும் அதே படம்தான். பெயர் கிடையாது. உறுப்பினருக்கு வைத்திருப்பது அவருடைய தாத்தாவின் பெயர். நாய் காலைத் தூக்கும் சுவரில் தாத்தாவின் பெயரை ஒட்டுவதில்லை என்பது குடும்பத்தின் தீர்மானம். முகமும் சின்னமும் போதும். முகத்தில் காதுகள் சற்று விரிந்து முன்னால் சாய்ந்திருக்கும். வம்சத்து ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பிறர் குறையைக் காது கொடுத்துக் கேட்கும் குணத்துக்கு அது அடையாளம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வதுண்டு.

"புதுசா ஒரு படம் எடுத்து ஒட்டிடுவோம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

நரைத்த தலையோடு படம் எடுத்தார்கள். பழையதன் மேல் ஒட்டப் போனபோது மாமியார் தடுத்தார்.

"என் வீட்டுக்காரர் முகத்துல பசை தடவ விடமாட்டேன்."

அதனால் பக்கத்தில் ஒட்டினார்கள். எல்லாச் சுவரிலும் இரண்டு முகம், ஒரே சின்னம்.

மறுபடி போனபோது தையல்காரம்மா எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"புதுசா நிக்கிறது நீங்கதானா? உங்க கட்சிக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே. அந்தப் பழைய ஆளைக் கழட்டி விட்டாங்களே."

உறுப்பினர் வாயைத் திறந்தார். மாப்பிள்ளை முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "மாமா, ஓட்டு விழுது. பேசாதீங்க."

தையல்காரம்மா பேசினார். குழாயில் வரும் தண்ணீரின் நிறம், மூடாத சாக்கடை, பள்ளிக்கூடக் கூரை என்று எதையும் விடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து அவரவர் பங்குக்குத் திட்டினார்கள்.

"அவர் பாலம் கட்டினாரேம்மா" என்றார் உறுப்பினர், பொறுக்காமல்.

"கட்டினாரு. ரெண்டு பக்கமும் ரோடு யாரு போடுவா? பஸ்ஸு பறந்து வந்து ஏறுமா?"

உறுப்பினர் பாலம் இருந்த திசையைப் பார்த்தார்.

"நீங்க தங்கமானவரு. அந்த ஆளுக்குப் போய்ப் பரிஞ்சு பேசறீங்க" என்றார் தையல்காரம்மா.

அன்று உறுப்பினருக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் வெளியே வந்தது. மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாமனாரை நடுத்தெருவுல திட்டறாங்க, நீங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டு வந்தீங்களா மாப்பிள்ளை?"

"ஓட்டு வரும்னுதான் அத்தை..."

"மானத்தை வித்து வர்ற ஓட்டு எதுக்கு? உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

மாப்பிள்ளை அந்தத் தெருவிலேயே மைக் கட்டினார். உறுப்பினர் தொண்டையைச் செருமினார்.

"இருபத்தஞ்சு வருஷமா உங்க உறுப்பினரா இருந்தது நான்தான். ரோடு போடாதது நான்தான். சாக்கடையை மூடாததும் நான்தான். இனிமே பாத்துக்கறேன்."

 கூட்டம் கை தட்டியது.

"அடுத்தவன் தப்பைத் தன் தலைமேல போட்டுக்கறாரே, என்ன மனசு" என்றார் முன்வரிசையிலிருந்து தையல்காரம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மாப்பிள்ளை மைக்கை வாங்கி, "சத்தியமா இவர்தாங்க அது" என்றார். சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

உறுப்பினர் வென்றார். முந்தைய ஐந்து தடவையும் கிடைக்காத ஓட்டு வித்தியாசம். வாசலில் வெடிச் சத்தம். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஊரை ஏமாற்றி வென்ற பெயர் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை கிடையாது.

மறுநாள் காலை, கழுத்தில் அளவு டேப்போடு மனு கொடுக்க வந்த முதல் ஆள் தையல்காரம்மா. மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"அம்மா, உங்களை ஏமாத்தினதா நினைக்காதீங்க. பழைய போஸ்டர்ல இருக்கறதும் மாமாதான்."

ஆள் தெரியாமல் ஊர் ஓட்டுப் போட்டுவிட்டது என்று எதிர்க்கட்சியினர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. தையல்காரம்மா கூடத்துச் சுவரில் இருந்த உறுப்பினரின் தகப்பனார் படத்தைப் பார்த்தார். அப்புறம் உறுப்பினரைப் பார்த்தார்.

"அந்தக் காது ஊர்ல வேற யாருக்கு இருக்கு? இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எங்க வாசல் வரைக்கும் வந்துச்சு. ஆளைத் தெரியும்னு சொல்லியிருந்தா, ஒரு வார்த்தை திட்டாம மாலையைப் போட்டு அனுப்பி வெச்சிருக்கணும்."