பத்திரத்தில் அம்மா இல்லை

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

என் அம்மாவுக்கு வீடில்லாமல் செய்தவர் நீங்கள். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் பெரியம்மாவின் கண் ஆபரேஷனும் எப்படி இருக்கின்றன என்று அப்பா விசாரிக்கச் சொன்னார். விசாரித்துவிட்டேன். டிரஸ்ட் சம்பந்தமாக எதுவானாலும் எழுத்தில்தான் வர வேண்டும் என்று விதி போட்டவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் நீங்கள் வந்து அப்பாவிடம், "வீட்டை டிரஸ்டுல போட்டுடுப்பா, நாளைக்குப் பிள்ளைங்க அடிச்சுக்காதுங்க" என்றீர்கள். நானும் அண்ணனும் அதுவரை அடித்துக்கொள்ள நினைத்ததில்லை. அந்த யோசனையே உங்களால்தான் வந்தது. நீங்கள், அப்பா, வக்கீல் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பத்திரம் எழுதினீர்கள். வீடு டிரஸ்டுக்குச் சொந்தம். நீங்களும் அப்பாவும் டிரஸ்டிகள். பயனாளிகள் நானும் அண்ணனும், எங்களுக்கு இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, ஆனாலும் நான் பெறாத பிள்ளைக்கு மாடி அறையில் உரிமை இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவ வேண்டும் என்பதற்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது.

அன்றிலிருந்து அப்பா ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள். பனியனோடு இருந்தால் அப்பா; சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டால் டிரஸ்டி. சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று கேட்டால், "அப்பாவா எனக்குச் சம்மதம்தாம்மா, டிரஸ்டியாதான் யோசிக்கணும்" என்கிறார். போன வாரம் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். பிளம்பர் வந்து பார்த்து, பழைய குழாயைக் கழற்றிப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். அப்பா உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "இது டிரஸ்ட் சொத்து, எங்க அண்ணன் சம்மதம் இல்லாம கை வைக்க முடியாது" என்றார். பிளம்பர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப வீடு உங்களது இல்லையா சார்?" "டிரஸ்டோடது." "சரி, அவரு எப்ப வருவாரு?"

முழங்கை வரை ஈரத்தோடு பின்னால் நின்றிருந்த அம்மா அப்போதுதான் கேட்டாள்: "அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் குடுங்க. அதுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்க்கிறேன்." படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். டிரஸ்டியாகவும் இல்லை, பயனாளியாகவும் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. அவள் நகை போய்த்தான் மாடி எழும்பியது. மாடி பத்திரத்தில் இருக்கிறது.

நான் வக்கீலிடம் போய்க் கேட்டேன். "வீட்டுல அம்மா இருக்காங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா" என்றார். "அன்னைக்கு டீ குடிச்சீங்களே சார், அது குழாய்லயா வந்தது?" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். உங்கள் மூன்று பேரில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியும், பெரியப்பா. உங்கள் மூன்று பேருக்கும் அவள் இருப்பதே தெரியவில்லை.

மறுநாள் காலை அம்மா வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் பையோடு, வாசற்கதவுப் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்ன இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று அப்பா கேட்டதற்கு, "வீட்டுக்காரங்க யாராவது வரட்டும்னு இருக்கேன்" என்றாள். அடுப்பு பற்றவைக்கவில்லையா என்றதற்கு, "விருந்தாளி அடுப்படிக்குள்ள போறது மரியாதையா இருக்காதுங்க" என்றாள். அப்பா சமைத்தார். சோறு அடிப்பிடித்து மேலே வேகாமல் வந்தது. அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டு, "எதுக்கு உங்களுக்கு இவ்வளவு சிரமம்" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். அப்பா பொறுக்கமாட்டாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "டிரஸ்டியா சொல்றேன், நீ எத்தனை நாள் வேணும்னாலும் இங்க தங்கலாம்" என்றார். அம்மா எழுந்து நின்று கேட்டாள்: "ரொம்ப நன்றிங்க. ஆனா உங்க அண்ணன் சம்மதம் இல்லாம நீங்க மட்டும் அனுமதி குடுக்க முடியாதே, ஆறாவது பத்தியைப் பார்க்கலையா?"

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குப் போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அம்மா இந்த வீட்டில் ராத்திரி படுத்துத் தூங்குவதற்கே உங்கள் தயவு வேண்டும். சொத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் கூடி உட்கார்ந்தால், யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. இத்துடன் ஒரு திருத்தப் பத்திரம் வைத்திருக்கிறேன். அம்மா உயிரோடு இருக்கும்வரை இங்கே தங்கலாம், அவ்வளவுதான். டிரஸ்டிகள் இருவரும் ஒப்புக்கொண்டால் போதும் என்றார் வக்கீல். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்களும் போட்டு உடனே அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் மெதுவாக வரட்டும், கையெழுத்து முதலில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள், பயனாளி.

பின்குறிப்பு: மேலே கேட்டதை அப்படியே அடித்துவிடுங்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தங்கலாம்னு எழுதிக் குடுக்கப் போறது யாரு?" என்றாள். அப்பாவும் பெரியப்பாவும்தான் என்றேன். "அப்ப நாளைக்கு மாத்தி எழுதவும் அவங்களால முடியும்" என்று திருத்தப் பத்திரத்தை வாங்கிக் கிழித்துவிட்டாள், உறைக்குள் தேடாதீர்கள். அவளுக்குத் தங்குகிற உரிமை வேண்டாமாம், உங்கள் இடம் வேண்டுமாம். நீங்கள் விலகிக்கொண்டு அவளை டிரஸ்டியாகப் போட வேண்டும். "இதை அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது" என்று அப்பா முனகினார். "நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்" என்று அம்மா போனை எடுத்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் உங்களிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லையாம். இதை எழுதும்போதே அங்கே மணி அடித்துக்கொண்டிருக்கிறது. போனை எடுங்கள், பெரியப்பா.