ராயப்பர் தாடி

விமானத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது பக்கத்துக் குப்பத்து ஞானதாஸ் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

"கேஸு நடக்கசொல்ல நீ எப்டி பாய் ஊரைத் தாண்டுவே?"

துபாய்க்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அப்துல் லத்தீப்பின் கை அப்படியே நின்றது.

கேஸ் உண்மைதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் படகு எஞ்சினை ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். மூன்றாவது மாதமே, பழவேற்காடு முகத்துவாரத்தில் வைத்து, அது மூச்சை நிறுத்திக்கொண்டது. மாற்றித் தரமாட்டோம் என்றது கம்பெனி. பொன்னேரி கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு நகர்வதாகக் காணோம், படகோ கரையில் காய்ந்தது. வேறு வழியில்லாமல் துபாயில் இழுவைப் படகு வேலைக்கு ஒத்துக்கொண்டார். மனைவி மெஹருன்னிசாவுக்கு இது எட்டாவது மாதம். அவளை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

"அது கோர்ட்டு கேஸுண்ணே."

"கோர்ட்டு இன்னா, எங்க கோட்டைக்குப்பம் பஞ்சாயத்தைவிடக் கம்மியா? விவகாரம் முடியற வரைக்கும் ரெண்டு தரப்பும் ஊரைத் தாண்டக்கூடாதுனு நாங்களே வச்சிருக்கோம். அவங்க வுட்டுடுவாங்களா?"

லத்தீப்புக்கு அது நியாயமாகப் பட்டது. யாரையாவது கேட்கலாமென்றால் மே மாதம். கோர்ட்டுக்கு லீவு, வக்கீல் கொடைக்கானலில் இருந்தார்.

'கேஸை விட்டுவிடுகிறேன், வெளிநாடு போக விடுங்கள்' என்று கம்பெனியின் மெட்ராஸ் ஆபீசுக்குத் தந்தி அடித்தார். மறுநாளே பதில் வந்தது. போஸ்ட்மாஸ்டர் படித்துச் சொன்னார்.

"புறப்பட வேண்டாம்னு போட்டிருக்கு. நாளைக்கு மேனேஜரே நேர்ல வர்றாராம்."

தன்னைத் தடுத்து நிறுத்தத்தான் வருகிறார் என்று லத்தீப் நினைத்தார். அந்த வெள்ளைக்கார மேனேஜருக்கு லத்தீப்பின் முகம் நன்றாகத் தெரியும். எஞ்சின் வாங்கிய அன்று மாலையும் தாடியுமாகச் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். லத்தீப் நேராகச் சலூனுக்குப் போய்ப் பத்து வருஷத் தாடியை வழித்துக்கொண்டு வந்தார்.

மெஹருன்னிசா அவரைப் பார்த்தாள். பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்து நீட்டினாள்.

"இன்னாங்க, இதுல இருக்கிற ஆளு யாரு?"

லத்தீப் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கும் ஞானதாஸே வழி சொன்னார். "ஈஸ்டர் நாடகத்துல ஏசுவோட சீடர் ராயப்பர் வேஷம் கட்டினேன் இல்ல? தாடி பத்திரமா கீது."

அது வெள்ளைத் தாடி. லத்தீப்புக்கு வயது முப்பத்திரண்டு. கறுப்பு ஷூ பாலிஷ் தடவிச் சரிக்கட்டினார்கள்.

மேனேஜர் வருவதற்குள் விடியற்காலை பஸ்ஸிலேயே லத்தீப் கிளம்பிவிட்டார். மெஹருன்னிசா வாசலில் நின்று அழுதாள். பஸ்ஸில் அவரும் அழுதார், தாடி நனையாமல்.

மீனம்பாக்கத்தில் மே மாத வெயிலை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. பாஸ்போர்ட் அதிகாரி நிமிர்ந்தபோது லத்தீப்பின் சட்டை முழுக்கக் கறுப்பு ஒழுகியிருந்தது. தாடி ஒரு பக்கம் தொங்கியது.

"இன்னாய்யா இது?"

லத்தீப் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கேஸு போட்டது யாரு?"

"நான்தான் சார்."

அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிவில் கேஸுய்யா இது. கோர்ட்டு தடை போட்டிருந்தாத்தான் நிறுத்துவோம். உனக்கு எந்தத் தடையும் இல்ல. போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா."

குழாயடியில் முகம் கழுவி நிமிர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஞானதாஸ் மூச்சிரைக்க நின்றிருந்தார். கூடவே மெஹருன்னிசா, வயிற்றைப் பிடித்தபடி.

"போவாதே பாய்! காலையில மேனேஜர் சமாதானம் பேசத்தான் வந்தாரு. உன்கிட்ட சொன்னதையே அவருகிட்டயும் சொன்னேன். ரெண்டு தரப்பும் ஊரைத் தாண்டக்கூடாதுனு."

"ஐயோ அண்ணே! கோர்ட்டுல அப்படி ஒரு சட்டமே கிடையாதாம்!"

"அது அவருக்குத் தெரியாதே! இன்னிக்கு ராத்திரி பிளேன்ல அவரு லீவுக்கு சீமைக்குப் போவணுமாம். கடைக்காரங்களுக்குக் காட்ட வேன்ல வச்சிருந்த புது எஞ்சினை அப்படியே உன் படகுல மாட்டிட்டாரு. ஓடுது பாய், நானே ஓட்டிப் பாத்தேன்!"

லத்தீப் மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவர் கையிலிருந்த டிக்கெட் தானாக நழுவியது.

அப்போது ஞானதாஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து வியர்த்து விறுவிறுத்த வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த தமிழில், கைகூப்பிக் கேட்டார்:

"பாய்... நான் ஊரைத் தாண்டலாமா?"