படலை அண்ணை திறந்துவிட்ட தோட்டம்

இத்தாலியின் பலெர்மோ முழுவதிலும் படலை அண்ணையைப் போல விருந்தாளிகளை வெறுத்த மனிதர் கிடையாது. நகரத்தின் ஓரத்துச் சியாகுல்லியில் ஒரு சிஞ்ஞோராவின், அந்த வீட்டு இத்தாலிய அம்மாவின், தோட்டத்தை அவர்தான் பார்த்துவந்தார். யார் உள்ளே கால் வைத்தாலும் ஓடிவந்து வாசல் கதவான படலையை மறிப்பார். பெயர் அப்படி வந்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவனையே சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர். அதே வீட்டில் துப்புரவு வேலை செய்த எனக்கும் சமையலறை வாசல்வரைதான் அனுமதி.

ஒரு கோடைத் தொடக்கத்தில், வரும் ஞாயிறு தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடப் போவதாக சிஞ்ஞோரா அறிவித்தார். பார்க்க வருபவர்கள் விரும்பிய காசைப் போடலாம். போர்கோ வெக்கியோவில் ஏழைகளுக்குச் சோறு போடும் கிறிஸ்தவக் கோயில் சமையலறையில் அடுப்பு பழுதாகி, இரண்டு வாரமாகச் சமையல் நின்றிருந்தது. புது அடுப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு.

அண்ணைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் நாள், மருந்தடித்திருக்கிறது, ஆட்களுக்கு ஆகாது என்றார். அடுத்த நாள் பாம்பைக் கண்டதாகச் சொன்னார். மூன்றாம் நாள் பாம்பு இரண்டாகியது. சிஞ்ஞோரா அசையவில்லை.

ஞாயிறு காலை அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு காவல் நின்றார். ரோசாவை மணந்து பார்த்த ஒரு சீமாட்டியிடம் மூக்கை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். புல்லில் நின்று ஆசீர்வதித்த பாதிரியாரை, ஆசீர்வாதம் தடைப்படாமலே கைபிடித்து நடைபாதையில் ஏற்றினார்.

கோயில் பூசை முடிந்து எங்கள் ஈழத்துச் சனம் வந்தது. மந்தரினோ தோடை மரங்களுக்கு நடுவே ஒரு மன்னார் அக்கா சட்டென்று நின்றார்.

"இஞ்சை எங்கையோ கருவேப்பிலை நிக்குது."

அண்ணையின் முகம் வெளிறியது. மல்லிகை வேலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் கறிவேப்பிலை, முருங்கை, பந்தலில் பயிற்றை, வரிசையாகக் கத்தரி. சிஞ்ஞோராவுக்குத் தெரியாமல், சிஞ்ஞோராவின் தண்ணீரிலேயே வளர்ந்தவை. பாம்புகள் ஏன் வந்தன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சிஞ்ஞோராவும் வந்துவிட்டார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். பிரஷருக்கு மருந்து என்று அண்ணை தன் இத்தாலியனில் தொடங்கினார். அண்ணைக்கு வேலை போய்விடப் போகிறது என்று நினைத்தேன். சிஞ்ஞோரா ஒரு இலையைக் கசக்கி மணந்தார். இலைக்காகப் பின்னால் நீண்டுகொண்டிருந்த எங்கள் சனத்தின் வரிசையைப் பார்த்தார். அண்ணை பக்கம் திரும்பி, மருந்து வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னார்.

"நான்தான் முறிப்பன். நீங்கள் இழுத்தால் கொப்புக்கு நோகும்" என்றார் அண்ணை.

மத்தியானத்துக்குள் செடிகள் மொட்டையாகிவிட்டன. அடுத்த வாரமே கோயிலில் புது அடுப்பு எரிந்தது. தோட்டம் வருடா வருடம் திறக்கப்பட்டது. அண்ணையும் வருடா வருடம் அதற்கு முதல் வாரம் பட்டினி கிடந்தார்.

இந்த வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை. அவர் இல்லாமலே தோட்டம் திறந்தது. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கருவேப்பிலையிலை ஆரும் கை வைச்சவையோ?"

"இல்லை அண்ணை, ஒருத்தரும் தொடேல்லை" என்றேன்.

நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். நான் பஸ் பிடித்துத் திரும்பவும் சியாகுல்லிக்குப் போய், அன்று சனம் பறித்து ஈர்க்கு மட்டும் மிஞ்சியிருந்த அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். அவர் நடந்து வருவதற்குள் நாலு இலையாவது துளிர்த்துவிட வேண்டும்.