தீயணைப்பு நிலையத்து வேனும் என் மானமும்

மேற்கு வர்ஜீனியா,
வெள்ளிக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க வில்மா அக்காவுக்கு,

தம்பி ஹோபர்ட் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். ஓஹையோவில் நீயும் அத்தானும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊர் மானம் போய்விட்டது, அக்கா. வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கு வைத்தியம் பார்க்க அரசாங்கம் ஒரு வேன் அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்குச் செவ்வாய் தீயணைப்பு நிலையத்து வாசலில் நிற்கிறது. எல்லாம் இலவசம். மன உறுதி இல்லாதவனுக்கு என் வரிப்பணத்தில் மருந்தா என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டது நான்தான். கைதட்டினார்கள். மறு வாரமே என் மகன் கீத், சுரங்கத்தில் கூரை விழுந்து முதுகு போனதிலிருந்து மாத்திரையே கதின்னு கிடந்தானே, அவன் அங்கே போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். அவனுக்கு லைசென்ஸ் இல்லை, நான்தான் கொண்டுபோய் விடணுமாம்.

யார் கண்ணிலும் படக் கூடாதென்று தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அதுதான் வினையாகிவிட்டது. தலை குனிந்து வியர்வையோடு நின்ற என்னைப் பார்த்த நர்ஸ் ட்ரூடி, முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், வெட்கப்படாதீங்கன்னு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ரத்த அழுத்தம் பார்த்தாச்சு, படிவத்துல கையெழுத்தும் வாங்கியாச்சு. கண்ணாடி கொண்டுபோகலை, என்னத்தைப் படிச்சுப் போடறது. அப்புறம் சிறுநீர் சோதனைக்குன்னு கையில ஒரு கோப்பையைக் கொடுத்தா. நான் அந்த ஆள் இல்லைன்னு நிரூபிக்க இதைவிட நல்ல வழி ஏதுன்னு கம்பீரமா நிரப்பிக் கொடுத்தேன்.

கீத்துக்கு வந்த அதே முடிவு எனக்கும் வந்தது.

நானா விடுவேன்? என்னோடது முழங்கால் வலி, நாலு வருஷமா டாக்டர் எழுதிக் கொடுத்தது, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மழைன்னா மூணு, நான் திருடலை, யாரையும் ஏமாத்தலைன்னு பிரசங்கமே பண்ணினேன். ஒரு நாள் நிறுத்தினா என்ன ஆகும்னு ட்ரூடி கேட்டா. சளிக்காய்ச்சல் வரும்னேன். எப்பப்போ வரும்னா. மாத்திரை தீரும்போதெல்லாம்னேன். சொன்னப்புறம்தான் அது என் காதுல விழுந்தது.

பின்னாலிருந்து கீத் மெதுவாச் சொன்னான்: "எனக்கும் டாக்டர்தாம்ப்பா எழுதிக் கொடுத்தாரு."

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. மாத்திரையை விடலைன்னு பனி கொட்டும்போது ரெண்டு தடவை அவன் பெட்டியை வெளியே எறிஞ்சவன் நான்.

திட்டவட்டமாகச் சொல்கிறேன், முப்பத்தோரு வருஷம் நிலக்கரி வெட்டியவன், அந்த வேனில் இனி என் கால் படாது. ஆளுநருக்கும் புகார் எழுதப்போகிறேன்.

அத்தானுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டின் மேல் கண்ணாயிருப்பாராக.

இப்படிக்கு,
உறுதி குலையாத தம்பி
ஹோபர்ட்

பி.கு.: தபால்தலை இல்லாமல் கடிதம் செவ்வாய் வரை கிடந்துவிட்டது. ஞாயிறன்று மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். திங்கள் முழுக்கக் கீத்துதான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இன்று வேனுக்கும் அவன்தான் கூட வந்தான். மருந்து நாக்குக்கு அடியில் கரைகிறது, பேசக் கூடாதாம், அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் பார்சலில் கேக்குக்கு அடியில் வைத்து அனுப்புவாயே, உன் வலி மாத்திரைகள், அவற்றை இனி அனுப்பாதே. ஓஹையோவில் இந்த மாதிரி வேன் எங்கே, என்ன கிழமை நிற்கும் என்று ட்ரூடி எழுதிக் கொடுத்த சீட்டு உறைக்குள் இருக்கிறது. அத்தானிடம் காட்ட வேண்டாம் என்றால் காட்டாதே. ஆனால் போ.